கேட்டபடி எழுதிய நூறாண்டு

1917இல் லண்டனில் ஓர் அகராதி வெளிவந்தது. அதில் எந்தச் சொல்லுக்கும் பொருள் இல்லை. ஆங்கிலச் சொல், பக்கத்தில் அதை வாயால் எப்படிச் சொல்வது என்பதற்கான குறிகள், வேறு வழக்கு இருந்தால் அடைப்புக்குள் அதுவும். இப்படியே ஆயிரக்கணக்கான சொற்கள், ஊர்ப்பெயர்களும் குடும்பப்பெயர்களும் உட்பட. முதல் உலகப்போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. 'ஆங்கில உச்சரிப்பு அகராதி' என்ற அந்த நூலைத் தொகுத்தவர் டேனியல் ஜோன்ஸ். லண்டன் யூனிவர்சிட்டி காலேஜில் ஒலியியல் கற்பித்துவந்தவர்.

அதற்கு நான்கு ஆண்டு முன்னால், ஹெர்மன் மிக்கேலிஸ் என்பவரோடு சேர்ந்து அவர் இன்னும் துணிச்சலான ஒன்றைச் செய்து பார்த்திருந்தார். 1913இல் வந்த அந்த ஒலியகராதியில் சொற்கள் ஒலியின் வரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. காதில் விழுந்ததைக் குறிகளில் எழுதித் தேடினால் எழுத்துக்கூட்டு கிடைக்கும். எழுத்தைவிட ஒலியே முதலில் என்ற நம்பிக்கையை அப்படியே நூலாக்கிய முயற்சி. அது பரவவில்லை. எழுத்திலிருந்து ஒலிக்குப் போகும் 1917ஆம் ஆண்டு அகராதிதான் பரவியது, பதிப்புக்குமேல் பதிப்பு கண்டது, இன்றும் கேம்பிரிட்ஜ் வெளியீடாகத் தொடர்கிறது.

யாருடைய பேச்சு அதில் பதிவானது? ஜோன்ஸ் மறைக்கவில்லை. தென் இங்கிலாந்துக் குடும்பங்களில், ஆண்கள் பெரிய உறைவிடப் பள்ளிகளில் படித்து வளர்ந்த வீடுகளில், அன்றாடம் கேட்கும் பேச்சு என்று முன்னுரையில் எழுதினார். முதலில் அதற்குப் 'பப்ளிக் ஸ்கூல்' உச்சரிப்பு என்று பெயர் வைத்தார். 1926ஆம் ஆண்டுப் பதிப்பில்தான் 'ரிசீவ்டு ப்ரொனன்சியேஷன்' என்ற பெயர் வந்தது, இன்று நம் கல்லூரி மாணவர்கள் 'ஆர்பி' என்று சுருக்கிச் சொல்வது. அப்படித்தான் எல்லோரும் பேச வேண்டும் என்று அவர் தீர்ப்பு எழுதவில்லை, தாம் அறிந்த வட்டத்தில் கேட்டதை எழுதினார். பிறகு நடந்ததைப் புரிந்துகொள்ள இதை நினைவில் வைக்க வேண்டும். ஒருவர் ஒரு காலத்தில் கேட்ட சாட்சியம் அது. நூறாண்டுக்குள் அதை நாம் வாய்ப்பாடு ஆக்கிக்கொண்டோம்.

ஜோன்ஸுக்கு முன்னும் பலர் முயன்றிருக்கிறார்கள். 1791இல் ஜான் வாக்கர் தம் அகராதியில் உயிரெழுத்துகளின் தலையில் சிறு எண்களைப் போட்டார். இன்ன எண் என்றால் இன்ன ஒலி என்று வாசகர் விளக்க வரிசையைப் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும். சுருக்கெழுத்து தந்த ஐசக் பிட்மன் ஒலிக்கேற்ற புதிய அச்செழுத்துகளுக்காக ஆண்டுக்கணக்கில் பாடுபட்டார். 1867இல் அலெக்சாண்டர் மெல்வில் பெல் 'கண்ணுக்குத் தெரியும் பேச்சு' என்று ஒரு முறையை வெளியிட்டார். அதில் ஒவ்வொரு குறியும் நாவும் உதடும் நிற்கும் நிலையின் படம். காது கேளாதோருக்குப் பேச்சுக் கற்பிக்க அவர் மகன் கிரஹாம் பெல், பின்னாளில் தொலைபேசி தந்தவர், இந்த முறையைக் கையாண்டார். அழகான முறைதான். ஆனால் எந்த அச்சகத்திலும் அதற்கான எழுத்து இல்லை. ஹென்றி ஸ்வீட் இதை உணர்ந்தார். 1877இல் அவர் வெளியிட்ட கையேட்டில் இருக்கிற ரோமன் எழுத்துகளையே வைத்துச் சமாளிக்கும் வழி ஒன்று இருந்தது. பெர்னார்ட் ஷாவின் 'பிக்மேலியன்' நாடகத்தில் மழைக்கு ஒதுங்கி நின்று பூ விற்கும் பெண்ணின் பேச்சைக் குறிப்பெடுக்கும் பேராசிரியரிடம் ஸ்வீட்டின் சாயல் உண்டு என்று ஷாவே முன்னுரையில் சொல்லியிருக்கிறார்.

1886இல் பாரிஸில் பால் பாசி என்ற ஆசிரியரும் சில மொழியாசிரியர்களும் கூடி ஒரு சங்கம் அமைத்தார்கள். இன்றைய பன்னாட்டு ஒலியியல் கழகத்தின் தொடக்கம் அதுதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்கு அயல்மொழி கற்பிக்க வேண்டும், எழுத்துக்கூட்டு குறுக்கே நிற்கிறது, என்ன செய்வது என்ற வகுப்பறைக் கவலையில் பிறந்தது. 1888இல் அவர்களின் எழுத்துப் பட்டியல் வெளியானது. எந்த மொழியானாலும் ஒரே ஒலிக்கு ஒரே குறி, முடிந்தவரை பழகிய ரோமன் எழுத்துகள், மேலும் கீழும் புள்ளிகோடு போடுவதைக் குறைப்பது என்ற மூன்றும் அதன் அடிப்படை.

இந்த மூன்றாவது விதிக்குப் பின்னால் அச்சுக்கோப்பவர் நிற்கிறார். புதிதாக ஈயத்தில் எழுத்து வார்க்கப் பணம் வேண்டும். அறையில் இருக்கும் எழுத்தையே தலைகீழாகத் திருப்பி வைத்தால்? ஆங்கிலச் சின்ன 'ஈ'யைத் திருப்பினால் 'ஷ்வா' என்னும் குறி, 'எபவுட்' (பற்றி) என்ற சொல்லின் முதலில் வரும் சோர்ந்த ஒலி. 'சி'யைத் திருப்பினால் 'ஹால்' (கூடம்) என்பதன் ஒலி. 'வி'யைக் கவிழ்த்தால் 'கப்' (கோப்பை) என்பதன் நடுவொலி. ஒலியியல் அட்டவணையில் பார்ப்பவருக்கு இவை ஏதோ மறைபொருள் கொண்டவைபோலத் தோன்றும். உண்மையில் இவை அச்சகத்துச் சிக்கனம். வேறு இடங்களிலிருந்தும் கடன் வாங்கினார்கள்: 'தீட்டா' கிரேக்கத்திலிருந்து, 'தி மதர்' என்னும்போது வரும் மெல்லொலிக்கான 'எத்' பழைய ஆங்கிலத்திலும் ஐஸ்லாந்திலும் வழங்கியது. 'ஷிப்' (கப்பல்) என்பதன் முதலொலிக்கான நீண்ட வளைகோடு, பழைய அச்சில் 'எஸ்'ஸின் ஒரு வடிவமாக இருந்து, பிட்மன் வழியாக வந்து சேர்ந்தது.

கழகத்தின் இதழான 'ல மேத்ர ஃபொனெத்தீக்' 1970 வரை முழுக்க முழுக்க ஒலிக்குறிகளிலேயே அச்சானது. கட்டுரை, மதிப்புரை, அறிவிப்பு எல்லாம். பிரெஞ்சில் எழுதியவர் தம் பிரெஞ்சைத் தாம் பேசும்படி, ஆங்கிலத்தில் எழுதியவர் தம் ஆங்கிலத்தைத் தாம் பேசும்படி எழுதினார். ஸ்காட்லாந்துக்காரரின் கட்டுரையும் லண்டன்காரரின் கட்டுரையும் கண்ணுக்கே வேறுபட்டுத் தெரியும். அந்த இதழை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு ஏக்கம் வருகிறது. ஒலிக்குறி பிறருடைய பேச்சைப் பார்த்துப் பின்பற்றுவதற்கு மட்டும் அல்ல, தன் பேச்சைத் தானே எழுதிக்காட்டவும் என்ற எண்ணம் அங்கே இயல்பாக இருந்தது. 1971இல் இதழ் பெயர் மாறி வழக்கமான எழுத்துக்கு வந்தது. படிப்பது எளிதாயிற்று. அந்த எண்ணம் மெல்லப் பின்னுக்குப் போனது.

அன்றைய ஒலியியல் வகுப்பு காதின் வகுப்பு. ஆசிரியர் எந்த மொழியிலும் இல்லாத பொய்ச்சொற்களைச் சொல்வார், மாணவர் கேட்டபடி குறிகளில் எழுத வேண்டும். பொருள் இருந்தால் காது ஏமாற்றும், தெரிந்த சொல்லாக ஊகித்துவிடும், அதனால்தான் பொய்ச்சொல். யூனிவர்சிட்டி காலேஜில் இந்தப் பயிற்சி ஒரு மரபாகவே வளர்ந்தது. ஜோன்ஸ் தம் 'ஆதார உயிரொலி'களை 1917இலேயே இசைத்தட்டில் பதிந்தார், பிறகு 1943இலும் 1956இலும் பதிந்தார். ஆனாலும் அவற்றை முறையாகக் கற்றவரிடம் நேரில் கற்பதே வழி என்பதில் உறுதியாக இருந்தார். கர்நாடக இசையில் ஸ்வரம் எழுதிய நோட்டை வைத்துக்கொண்டு யாரும் தோடி பாடிவிட முடியாது, கமகத்தைக் குருவின் குரலில்தான் பிடிக்க வேண்டும். ஒலிக்குறியும் அன்று அப்படித்தான் கைமாறியது.

அந்தத் துறையிலிருந்து நமக்கும் ஒரு சிறு கொடை உண்டு. ஜோன்ஸோடு பணியாற்றிய ஜே.ஆர். ஃபர்த், லாகூரில் ஆசிரியராக இருந்துவிட்டு லண்டன் திரும்பியவர். 1934இல் ஆர்டனின் தமிழ் இலக்கணப் பதிப்புக்குப் பின்னிணைப்பாகத் தமிழ் உச்சரிப்பைப் பற்றி எழுதினார். தமிழில் ககரம் ஓரிடத்தில் வலிந்தும், ஓரிடத்தில் மெலிந்தும், இன்னோரிடத்தில் உரசியும் ஒலிக்கும். எங்கே எப்படி என்பதை இடமே சொல்லிவிடும், அதனால் ஒரே எழுத்து போதும். பிறப்பியலில் ஒவ்வோர் எழுத்தும் வாயில் எங்கே பிறக்கிறது என்று வகுத்து, குற்றியலுகரத்தின் குறுகிய ஒலியையும் கணக்கில் எடுத்த தொல்காப்பியத்தின் வழிவந்தவர்களுக்கு இந்தத் துறை அந்நியம் அல்ல. நம் கல்லூரிகளில் ஆங்கில ஒலியியலைக் கற்பிக்கும்போது இதிலிருந்து தொடங்குவோர் மிகக் குறைவு. அது எனக்கு வருத்தம்.

இனி, மாறியது என்ன என்று பார்க்கலாம். முதலில் குறிகளே மாறின. ஜோன்ஸ் 'ஷீப்' (ஆடு), 'ஷிப்' (கப்பல்) இரண்டையும் ஒரே 'ஐ' எழுத்தால் எழுதினார். ஆட்டுக்கு மட்டும் பக்கத்தில் நீளக்குறி. எழுத்து குறைவு, அச்சுக்கு வசதி. ஆனால் படிப்பவர் என்ன நினைப்பார்? ஒலி ஒன்றே, ஒன்று குறில், ஒன்று நெடில். குறில் நெடில் பால்குடிப் பாடமாக இருக்கும் தமிழ்ப் பிள்ளை வேறெப்படி நினைக்கும்? உண்மையில் ஆங்கிலத்தில் நாவின் நிலையே வேறு. 'ஷிப்'பில் நாக்கு சற்றுத் தளர்ந்து கீழே இறங்கி நடுப்பக்கம் வருகிறது. நீளமோ நம்ப முடியாத சாட்சி. 'ஹீட்' (சூடு) என்பதில் வரும் நெட்டொலி, பின்னால் வல்லொலி வருவதால் சுருங்கி, 'மறைத்தான்' என்ற பொருளில் வரும் 'ஹிட்' என்பதன் குற்றொலி அளவுக்கே ஏறக்குறைய வந்துவிடும். நீளத்தை மட்டும் நம்பிய காது அங்கே தவறும்.

ஜோன்ஸுக்குப் பின் அகராதியைக் கையேற்ற ஏ.சி. கிம்சன் இதைத் திருத்தினார். 1962இல் தம் பாடநூலிலும், 1977இல் அகராதியின் 14ஆம் பதிப்பிலும், இரண்டு ஒலிக்கும் இரண்டு தனிக் குறி தந்தார். 'ஷிப்'புக்கு உயரம் குறைத்த தலைப்பெழுத்து 'ஐ', 'ஷீப்'புக்குச் சின்ன 'ஐ'யும் நீளக்குறியும். நீளமும் சொல்லப்பட்டது, தன்மையும் சொல்லப்பட்டது. 'கோட்' (வெள்ளாடு) என்பதன் கூட்டொலியிலும் மாற்றம். ஜோன்ஸ் காலத்தில் அது 'ஒ'வில் தொடங்கி 'உ'வில் முடிந்தது. கிம்சன் அதைத் தலைகீழ் 'ஈ'யில், அதாவது ஷ்வாவில் தொடங்க வைத்தார், ஏனென்றால் இங்கிலாந்தில் வாய் அதற்குள் அங்கே போய்விட்டிருந்தது. இன்று நம் கையிலுள்ள பெரும்பாலான பிரிட்டிஷ் அகராதிகளின் குறிகள் அடிப்படையில் கிம்சனுடையவை. 24 மெய், 20 உயிர், மொத்தம் 44 என்று நாம் மனப்பாடம் செய்யும் கணக்கும் அந்தக் காலத்தின் கணக்கு.

வாய் அங்கேயே நின்றுவிடவில்லை. 2000ஆம் ஆண்டு 'நேச்சர்' இதழில் ஜொனாதன் ஹாரிங்டனும் உடன் ஆய்ந்தவர்களும் எலிசபெத் அரசியின் கிறிஸ்துமஸ் வானொலி உரைகளை எடுத்துக்கொண்டார்கள். 1950கள் முதல் 1980கள் வரை ஒரே பெண்மணியின் குரல், ஒரே வகை உரை. அளந்து பார்த்ததில், அரசியின் உயிரொலிகளே தம் குடிமக்களில் இளையோரின் ஒலிகளை நோக்கி நகர்ந்திருந்தன. வயது வந்தபின் பேச்சு உறைந்துவிடும் என்று நம்பியவர்களுக்கு அது ஒரு பாடம். அரச குலத்துக் குரலே நகர்கிறதென்றால் நாம் கைப்பிடித்துக்கொண்டிருக்கும் அட்டவணையின் ஒலிகள் நகராமல் இருக்குமா?

நகர்ந்தவற்றில் சிலவற்றைச் சொல்கிறேன். 'ஹாப்பி' (மகிழ்ச்சி) என்பதன் கடைசி ஒலி ஜோன்ஸிடம் 'ஷிப்'பின் தளர்ந்த ஒலி. இன்று பெரும்பாலோரிடம் அது 'ஷீப்'பின் ஒலிப்பக்கம், நீளமில்லாமல். 1978இல் வந்த லாங்மன் மாணவர் அகராதி இதற்கென்று நீளக்குறியில்லாத சின்ன 'ஐ'யைப் புகுத்தியது. 1990இல் ஜான் வெல்ஸின் லாங்மன் உச்சரிப்பு அகராதியும் அதைக் கையாண்டது. அடுத்து, 'ஸ்கொயர்' (சதுரம்) என்பதன் கடைசிப் பகுதி. கிம்சனிடம் 'எ'யிலிருந்து ஷ்வாவுக்கு வழுக்கிப்போகும் கூட்டொலி. இன்று வழுக்கல் போய், நின்ற இடத்திலேயே நீளும் நெட்டொலி. 'புவர்' (ஏழை) என்பதன் கூட்டொலி பலர் வாயில் 'போர்' (ஊற்று) என்பதோடு ஒன்றாகிவிட்டது. ஜோன்ஸ் 'மோர்' (மேலும்) போன்ற சொற்களுக்கு மாற்று வழக்காகக் காட்டிய ஒரு கூட்டொலி அதற்கு முன்பே மறைந்தது. 'கேட்' என்று நாம் எழுதும் பூனையின் நடுவொலி பழைய செய்திப்படங்களில் 'கெட்' என்றே கேட்கும். இன்று வாய் நன்றாகத் திறந்து, நம் 'அ'வின் அருகில் வந்துவிட்டது. ஆக 20 உயிரொலி என்ற கணக்கில் இரண்டு மூன்று கூட்டொலிகளுக்கு இப்போது ஆளில்லை.

அகராதிக்காரர்கள் இதை அறியாதவர்கள் அல்லர். 1993இல் வந்த ஆக்ஸ்ஃபோர்டு 'நியூ ஷார்ட்டர்' அகராதிக்காக கிளைவ் அப்டன் சில குறிகளை மாற்றினார். பூனைக்கு எளிய சின்ன 'ஏ', சதுரத்துக்கு ஒற்றை நெட்டொலி. கேட்டபடி எழுதினார். வெல்ஸ் இதை ஏற்கவில்லை. பாடுபட்டு ஒரு பொதுமுறைக்கு எல்லோரும் வந்து சேர்ந்தபின் ஆளுக்கொரு குறி என்றால் மாணவர் குழம்புவார்கள் என்பது அவர் வாதம். ஜெஃப் லிண்ட்சி 2019இல் தம் நூலில் எதிர்ப்பக்கம் நின்றார். இன்றைய தென்பிரிட்டிஷ் பேச்சு ஜோன்ஸ் வரையறுத்த ஆர்பி அல்ல, அதைப் பழைய குறிகளில் எழுதுவதே குழப்பம் என்றார். பேத்தர் சிகெத்வாரியுடன் சேர்ந்து அவர் நடத்தும் இணைய அகராதியில் குறிகள் கிம்சனிடமிருந்து வெகுதூரம் வந்திருக்கின்றன. 'ஷீப்'பின் ஒலி அங்கே தளர்ந்த 'ஐ'யில் தொடங்கி 'ய்'யை நோக்கிப் போகும் கூட்டொலி.

இந்த வழக்கில் என் மனம் லிண்ட்சியின் பக்கம். ஆனால் வெல்ஸின் கவலையைத் தள்ளிவிட முடியாது. உலகெங்கும் பாடநூல்கள், தேர்வுத்தாள்கள், ஆசிரியர்களின் பழக்கம் எல்லாம் ஒரு முறையில் ஊறிவிட்டன. பழைய குறி இருக்கட்டும், அதற்குக் கீழே புதிய ஒலியைக் கேட்கக் கற்றுக்கொள் என்று சொல்வதும் நியாயமே. நியாயமில்லாதது வேறொன்று. குறி யாருடைய பேச்சிலிருந்து எந்தக் காலத்தில் எடுக்கப்பட்டது என்று ஒரு வார்த்தை சொல்லாமல், ஆங்கிலத்தில் 44 ஒலிகள் உள்ளன என்று பிள்ளைகளிடம் ஒப்பிக்கச் சொல்வது.

எழுதும் கருவியின் கதை சுருக்கமானது, நமக்கு நன்றாகப் புரியக்கூடியது. தட்டச்சுப்பொறியில் இந்தக் குறிகள் இல்லை. ஆய்வேடுகளில் இடம்விட்டுத் தட்டச்சு செய்து, பிறகு பேனாவால் ஒவ்வொரு ஷ்வாவாக நிரப்புவார்கள். கணினி வந்தபோது ஆளுக்கொரு எழுத்துரு. ஒரு கணினியில் அழகாக இருந்த குறி இன்னொன்றில் வேறு ஏதோ கிறுக்கலாகத் தெரியும். பாமினியில் அடித்த கட்டுரையை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்து தவித்த தமிழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் வெல்ஸும் சில பேச்சு ஆய்வாளர்களும் 'சாம்பா' என்ற முறையை வகுத்தார்கள். எல்லா விசைப்பலகையிலும் இருக்கும் குறிகளாலேயே ஒலியை எழுதுவது. ஷ்வாவுக்கு, மின்னஞ்சல் முகவரியின் நடுவில் வரும் சுழிக்குறி. அமெரிக்காவில் ராணுவ ஆய்வுப் பணத்தில் 1970களில் 'ஆர்பாபெட்' வந்தது. 1991இல் யூனிகோடின் முதல் வெளியீட்டில் ஒலிக்குறிகளுக்கும் இடம் கிடைத்தது, தமிழுக்கும் கிடைத்தது. இன்று கைப்பேசியிலேயே ஷ்வாவை எழுதலாம்.

எழுதத் தடையில்லாத காலம் வந்தபோது, எழுதுவது எதற்கு என்ற கேள்வியும் கூடவே வந்தது. அகராதியில் சொல்லைத் தேடினால் பக்கத்தில் ஒலிபெருக்கிப் படம். தொட்டால் குரல். அதற்கும் மேல், அந்தச் சொல்லை நூறு பேர் நூறு இடத்தில் பேசும் காட்சித் துண்டுகள். பேச்சை எழுத்தாக்கும் இயந்திரங்களும் முன்பு ஒலிக்குறி அகராதிகளை முதுகெலும்பாகக் கொண்டிருந்தன. கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் அமெரிக்க உச்சரிப்பு அகராதியில் 1,34,000க்கும் மேற்பட்ட சொற்கள் 39 ஒலிகளால் எழுதப்பட்டுள்ளன, பல்லாண்டுகள் இத்துறைக்கு அதுவே கைவிளக்கு. இப்போதைய இயந்திரங்கள் பல, நடுவில் குறியே இல்லாமல், குரலிலிருந்து நேரே எழுத்துக்குப் போகக் கற்றுக்கொள்கின்றன.

அப்படியிருக்க மாணவர் ஏன் இந்த வளைவுகளையும் கவிழ்ந்த எழுத்துகளையும் கற்க வேண்டும்? மாணவர்களே இதைக் கேட்கிறார்கள், கேட்பது சரிதான். என் பதில், காது தானாகக் கேட்பதில்லை என்பது. 'மேற்கு' என்ற பொருளுள்ள ஆங்கிலச் சொல்லைத் தமிழில் எழுதினால் 'வெஸ்ட்'. உள்ளே போடும் கையில்லாத சட்டையை எழுதினாலும் 'வெஸ்ட்'. நம் எழுத்தில் இரண்டும் ஒன்றாகிவிட்டதுபோலவே நம் காதிலும் ஒன்றாகியிருக்கிறது. ஒலிபெருக்கிப் படத்தை எத்தனை முறை தொட்டாலும், வேறுபாடு இருக்கிறது என்று தெரியாதவருக்கு இரண்டும் வகரமாகவே கேட்கும். இரண்டுக்கும் இரண்டு குறி என்று தாளில் பார்த்தபின், ஒன்றில் மேற்பல் கீழுதட்டைத் தொடுகிறது, மற்றதில் உதடுகள் குவிகின்றன என்று ஒருவர் காட்டியபின், அடுத்த முறை தொடும்போது அங்கே இரண்டு ஒலிகள் இருக்கும். எதைக் கேட்க வேண்டும் என்பதைக் குறி சொல்கிறது. அந்த வேலையைக் குரல்பதிவு செய்வதில்லை.

ஷ்வாவும் அப்படியே. ஆங்கிலத்தில் மிகுதியாக வரும் உயிரொலி அதுதான், ஆனால் அதற்கென்று ஒரு எழுத்துகூட ஆங்கிலத்தில் இல்லை. 'ஃபோட்டோகிராஃப்' (நிழற்படம்) என்பதில் அழுத்தம் முதல் அசையில். அதை எடுப்பவரைக் குறிக்கும் 'ஃபொடாக்ரஃபர்' என்பதில் அழுத்தம் இரண்டாவது அசைக்கு நகர்கிறது, முதல் அசை உடனே சோர்ந்து ஷ்வா ஆகிவிடுகிறது. எழுத்துக்கூட்டு அசையவே இல்லை. தமிழில் எல்லா அசைக்கும் ஏறக்குறைய உரிய இடம் கொடுத்துப் பேசிப் பழகிய நாம், ஒரு அசையை ஓங்கிச் சொல்ல மற்றவற்றை விழுங்க வேண்டும் என்பதை எழுத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்போம்? அழுத்தக்கோடும் கவிழ்ந்த 'ஈ'யும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும்போது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது.

இந்தியாவில் இதைச் சிந்தித்தவர்கள் உண்டு. 1958இல் ஹைதராபாதில் மத்திய ஆங்கில நிறுவனம் தொடங்கப்பட்டது. அங்கே பணியாற்றிய ஆர்.கே. பன்சால், இந்தியர் பேசும் ஆங்கிலம் பிறருக்கு எவ்வளவு விளங்குகிறது என்று ஆய்ந்து 1969இல் நூலாக்கினார். ஜே.பி. ஹாரிசனோடு சேர்ந்து 1972இல் 'ஸ்போக்கன் இங்கிலிஷ் ஃபார் இந்தியா' எழுதினார். இந்தியாவில் படித்தவர் பொதுவாகப் பேசும் ஆங்கிலத்துக்கும் ஒலி ஒழுங்கு உண்டு என்று காட்டியவர்களில் அவர் ஒருவர். 1981இல் வந்த டி. பாலசுப்ரமணியனின் ஒலியியல் பாடநூல் ஆங்கில இலக்கிய மாணவர்களின் மேசைகளில் நெடுங்காலமாக இருக்கிறது. ஆக்ஸ்ஃபோர்டு பேரகராதி தன் முதல் பதிப்பில் ஜேம்ஸ் முர்ரே வகுத்த சொந்தக் குறிகளைக் கையாண்டது, 1989இல் வந்த இரண்டாம் பதிப்பில் பன்னாட்டுக் குறிகளுக்கு மாறியது. அதன் இணையப் பதிப்பில் இன்று இந்திய ஆங்கிலத்துக்கென்று தனியே உச்சரிப்பு தரப்படும் சொற்களும் இருக்கின்றன. 1917இல் தென் இங்கிலாந்தின் உறைவிடப் பள்ளிகளோடு நின்ற வட்டம் இவ்வளவு விரிந்திருக்கிறது.

ஆகவே ஒலியியல் வகுப்பில் ஒரே ஒரு பயிற்சியை மட்டும் சேர்க்கச் சொல்வேன். ஒவ்வொரு மாணவரும் தம் கைப்பேசியில் ஒரு நிமிடம் ஆங்கிலத்தில் பேசிப் பதிந்துகொள்ளட்டும். பிறகு அதைத் தாமே கேட்டு, பாசியின் இதழில் எழுதியவர்களைப்போல, உள்ளபடி குறிகளில் எழுதட்டும். 'கேம்' (விளையாட்டு), 'கோட்' போன்ற சொற்களில் அகராதி காட்டும் கூட்டொலி இருக்காது, நம் ஏகாரமும் ஓகாரமும் இருக்கும், சின்ன 'ஈ'யும் 'ஓ'வும் நீளக்குறியோடு. 'டைம்' என்பதன் முதலெழுத்தில் நாக்கு மடிந்து மேலண்ணத்தைத் தொடும், அதற்கு வால் வளைந்த 'டி' இருக்கிறது. 'திங்க்' (நினை) என்பதில் பற்களுக்கிடையே காற்று உரசாது, நாக்கு பல்லின் பின்னால் ஒட்டி விடுபடும், அதற்கு அடியில் சிறு பாலம் போட்ட 'டி' இருக்கிறது. இவை எல்லாமே பன்னாட்டு அட்டவணையில் பல்லாண்டுகளாக உள்ள குறிகள். தேர்வுக்கு மனப்பாடம் செய்யும் 44இன் பட்டியலில்தான் இல்லை.